மாமி வாற மெட்டு

இல்லைத் தம்பி, அந்தப் பாட்டு வேண்டாம். பீலெஃபெல்டிலை எல்லாக் கலியாணத்திலையும் அதைத்தானே போடுறியள். நான் ஒண்டு தாறன், என்ர போனிலை கிடக்கு. சின்னத் துண்டுதான். ஓம், நாதஸ்வரம். அதுக்கொரு கதை இருக்கு, நீங்கள் ஸ்பீக்கருக்கு வயரைக் கொழுவிக்கொண்டே கேளுங்கோ.

இண்டையான் மாப்பிள்ளை மதிசுதனைத் தெரியும்தானே? இஞ்சை ஜேர்மனியிலையே பிறந்து வளந்த பெடியன். கிழமை நாளிலை ஒலிப்பதிவு வேலை, சனி ஞாயிறு கோயிலிலை நாதஸ்வரம். அவனை லண்டன் டிவிக்காரர் எப்பிடியோ பிடிச்சிட்டினம். ஒரு பகிடி நாடகத்துக்கு. அதிலை ஒரு வெள்ளைக்காரன் தமிழ்ப் பெட்டையைக் கட்டியிருக்கிறான், மாமி மேல்வீட்டிலை. மாமி கதவைத் திறக்க முந்தி ஒரு மெட்டு வரோணுமாம். கேட்டவுடனை சனத்துக்கு, ஐயோ வாறாவெண்டு விளங்கோணும். மருமோன் பியர்ப் போத்தலை ஒளிக்கோணும்.

பெடியன் எத்தினையோ வாசிச்சு அனுப்பினான். எல்லாம் நல்லாயிருக்கு, ஆனா பயம் வரேல்லையெண்டிட்டினம்.

அந்த நேரம் அவன் பவளமெண்டொரு மனிசியின்ர மகள் சஜிதாவை விரும்பிக்கொண்டு திரிஞ்சவன். தாய்க்குத் தெரியாது. ஒருநாள் மனிசி வேலைக்குப் போயிட்டாவெண்டு அங்கை போய்த் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறான். அவாவுக்கு டொக்டரிட்டை ஏதோ டெர்மின் இருந்திருக்கு, நேரத்தோடை வந்திட்டா. படியிலை சப்பாத்து இழுபடுற சத்தம். பிறகு மூச்சு வாங்க ஒரு நிப்பு. பிறகு, ஆரடி உள்ளுக்கை எண்டொரு கீச்சு. பெடியன் பல்கனியாலை பாய்ஞ்சிட்டான். நல்லகாலம், கீழை பத்தை.

குத்தின முள்ளைக்கூடப் பிடுங்காமல் வீட்டை போய் நாதஸ்வரத்தைத் தூக்கினவனாம். ஒரு இழுவை, ஒரு நிப்பு, ஒரு கீச்சு. லண்டன்காரருக்கு அதுதான் பிடிச்சுது.

நாடகம் இஞ்சையும் ஓடத் துவங்கிச்சு. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது, இது பவளம் படியேறி வாற சத்தமெல்லேயெண்டு. பவளம் தமிழ்க் கடைக்குப் போனா, கடைக்காரி சாண்ட்ரா கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுப்பா. கோயிலிலையும் அப்பிடித்தான். பவளம் மகளைப் பிடிச்சு உலுக்க எல்லாம் வெளியிலை வந்திட்டுது, மெட்டு, பெடியன், பல்கனி. மனிசி ரெண்டு பேரோடையும் கதைக்கிறதை விட்டிட்டா. எந்தத் தாய் தம்பி பொறுப்பா?

ஆனா நாடகத்தை விடேல்லை. அறையைப் பூட்டிப்போட்டு, சத்தத்தைக் குறைச்சு வைச்சுப் பாத்தவா. அப்பத்தான் கவனிச்சவா, அதிலை வேறை ஆர் வந்தாலும் ஒரு மெட்டும் இல்லை. மாமிக்கு மட்டுந்தான். கொஞ்சம் பெருமையாயும் இருந்தது, வெளியிலை சொல்ல ஏலுமே?

கடைசிப் பகுதியிலை மாமி ஆஸ்பத்திரியிலை. மருமோன் போத்தலைத் திறந்து வைச்சுக்கொண்டு கதவைப் பாக்கிறான். மெட்டு வரேல்லை. ஒரு சத்தமும் இல்லை. அவன் தன்பாட்டிலை எழும்பிப் போய்ப் போத்தலை ஒளிச்சு வைக்கிறான்.

பவளம் ஓவெண்டு அழுதிட்டா. உடனை மதிசுதனுக்குப் போன் எடுத்து, ஏனடா என்ர மெட்டை நிப்பாட்டினனீ எண்டு கேட்டா. பெடியன், மாமி, சத்தம் நிண்டாத்தானே ஆள் இல்லாத குறை தெரியும் எண்டான். மனிசி மூக்கைச் சீறினா. பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, கதவாலை வா எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டா.

ஓம், அப்பிடித்தான் இந்தக் கலியாணம். மாப்பிள்ளை பொம்பிளைக்கு நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ. ஆனா பொம்பிளையின்ர தாய் மண்டபத்துக்குள்ளை வரேக்கை இதைத்தான் போடோணும். கதவு திறக்க முந்தி, நல்லாச் சத்தமா. மாப்பிள்ளைக்கு மூச்சும் விட்டிடாதேங்கோ.

தாய் கோவிப்பாவெண்டோ? நான் கோவிக்கமாட்டன் தம்பி. இந்தாங்கோ போன், கதவுக்கு வெளியிலை போய் நிக்கிறன்.