சைபருக்கு வாங்கிய பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னாள்: "சைபர் வந்ததுக்குப் பால்கோவா வாங்குத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவர் மடியில் லேப் கவரும் இனிப்புப் பெட்டியும் இருந்தன.

"நல்லாப் பாத்தீகளா? ஒண்ணுகூட இல்லையா?"

"விந்தணு ஒண்ணுகூட இல்லைன்னு போட்டிருக்கு, ஏட்டி."

"உங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணின அன்னைக்கே கவலை தீந்துச்சுன்னு நெனச்சேன். மூணு மாசம் ஆணுறை போடணும்னுட்டாக."

"மோட்டாரை அமத்தினாலும் குழாயில நிக்கித தண்ணி வரத்தான செய்யும்?"

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு தங்குனா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல. நாள் ஒண்ணு தள்ளுனாலும் எனக்குச் சோறு இறங்காது."

"அதான் நான் போய்ப் படுத்தேன். ரெண்டு பிள்ளைக்கும் உன் வயித்தைக் கிழிச்சாச்சு. மூணாவது கத்தியும் உனக்கேவா?"

அவள் பெட்டியைப் பிரித்தாள். ராஜபாளையம் வருவதற்குள் பாதி காலி.

"பிள்ளைகளுக்கு வையிட்டி!"

"அதுகளுக்கு வேற வாங்குவோம். மூணு மாசத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான் எனக்குப் பசிக்குது."