அம்மன் கோயில் மண்ணுக்கும் அனுமதி வேண்டும்

அவையை நடத்தும் தலைவி, கமக்காரர் அமைப்பின் அம்மையார் சிவனேஸ்வரி அவர்களே! பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் உத்தியோகத்தர் ஐயா அவர்களே! கோயில் சபைப் பெரியோர்களே! என்னோடு காடு வெட்டிக் கமம் கண்ட கூட்டாளிகளே, உங்களில் மிஞ்சியிருப்பவர்களே! சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மாரே! வீரகத்தியின் வணக்கம்.

ஆற்றில் மண் அள்ள இனி ஒவ்வொரு லோட்டுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், கோயிலுக்கு அள்ளினாலும் வேண்டும் என்கிறது அரசாங்கம். நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அம்மன் கோயிலின் மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கும் கடிதத்தில் கையொப்பம் வைக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம். நானும் அதையே பேசுவேன் என்று நம்பி ஒலிவாங்கியைத் தந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஆறு எப்படி இருந்தது! வைகாசி வெயிலில் நீர் ஒளித்துக்கொள்ளும். மணல் வெள்ளைவெளேரென்று விரிந்து கிடக்கும். முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று! சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பி, ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்த பிறகே பெண்கள் வீடு திரும்புவார்கள். (ஆரது சிரிக்கிறது? உம்மட அம்மாவும் அதிலைதான் இருந்தவ, தம்பி!) குளித்த ஆறு, குடித்த ஆறு, கோடையிலும் எங்களைக் கைவிடாத ஆறு!

அந்த ஆற்றுக்குச் சட்டம் இருக்கவில்லையா? இருந்தது. அதன் பெயர் வட்டவிதானையார். வயலுக்குத் தண்ணீர் திறப்பவரும் அவர். மண் அள்ள இடம் காட்டுபவரும் அவர். வெள்ளம் நடு ஆற்றில் குவித்த மேட்டில் மட்டும் அள்ளலாம். கரையைத் தொடக்கூடாது. தோண்டிய ஊற்றை மாரி மழைக்கு முன் மூடவேண்டும். கோயிலுக்கென்றால் மட்டும் அவரிடம் கேட்கத் தேவையில்லை. வண்டில் நுகத்தில் வேப்பிலைக் கொத்துக் கட்டினால் போதும். அது அம்மன் மண், எவரும் மறிக்கமாட்டார்கள்.

ஒருநாள் அவருடைய மச்சான் வேப்பிலை கட்டி வந்தார். வண்டில் கோயிலடிக்குத் திரும்பாமல், மச்சான் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. வட்டவிதானையார் சைக்கிளைக் குறுக்கே போட்டார்.

“மச்சான், வேப்பிலை அம்மனுக்கு. வண்டில் ஆருக்கு?”

“குசினிக்கு நிலம் போடத்தான். உம்மட தங்கச்சிதான் கரைச்சல் குடுக்கிறா.”

“அப்ப வேப்பிலையை அவிட்டு அவளின்ர தலையிலை கட்டும். மண்ணைக் கொண்டுபோய் ஆத்திலை கொட்டும்!”

கொட்டினார், ஐயா! சொந்தத் தங்கையின் அடுப்படித் தரைக்குப் போன மண், வந்த வழியே ஆற்றுக்குத் திரும்பியது. தைப்பொங்கல் வரைக்கும் அந்தத் தங்கை அண்ணனோடு கதைக்கவேயில்லை. அண்ணனும் அசையவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. ஓடினோம். உயிரோடு மிஞ்சியவர்கள் திரும்பி வந்தோம். வட்டவிதானையார் திரும்பவில்லை. வேப்பிலை வழக்கம் மட்டும் திரும்பி வந்தது.

இதோ இருக்கிறா வடிவம்மா. ஆற்றங்கரையில் கடைசிக் காணி அவாவுடையது. போன ஆவணியில் வேப்பிலை கட்டிய டிப்பர் ஒன்று அவாவின் வேலியோரமாக இறங்கியது.

“எந்தக் கோயிலுக்கு, ராசா?”

“அம்மன் கோயிலுக்குத்தானணை.”

“எந்த அம்மன்?”

“எல்லா அம்மனும் ஒண்டுதானேயணை!”

வடிவம்மா மறித்தாவா? ஏசினாவா? தேங்காய் உடைத்தா! சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டு அனுப்பினா! நாளாந்தம் டிப்பர் வந்தது, நாளாந்தம் கும்பிட்டா. தன் கரையை ஏற்றிப் போகிறவனை யாராவது கும்பிடுவார்களா? நாங்கள் கும்பிடுவோம். வேப்பிலையைக் கண்டால் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

அந்த மண் அம்மனிடமா போனது? பெரிய வீதி ஏறி, புளியங்குளம் தாண்டி விலைக்குப் போனது. கார்த்திகையில் வெள்ளம் வந்தது. மணல் இழந்த ஆறு கரையைத் தின்றது. வடிவம்மாவின் காணியில் பாதி போயிற்று. அவாவின் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் இடையில் இப்போது ஒரு பாய் விரிக்க இடமில்லை.

“கோயில் வேலை நிண்டுபோகுமே, அப்பு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குக் கேட்டது, கிருசாந்தன் தம்பி. நில்லும், வாறன்.

எங்கள் கோயில் சபை களவெடுத்ததா? இல்லவே இல்லை. எங்கள் மண் நேர்மையான மண். ஆனால் அந்த நேர்மையான லோட்டுக்குத் திறக்கும் வாசலால்தானே மற்றவர்களும் வருகிறார்கள்? மைத்துனனையே மறிக்க இன்று யார் இருக்கிறார்? ஒருவருமில்லை. அப்படியானால் பத்திரம் மறிக்கட்டும்!

உத்தியோகத்தர் ஐயா, சந்தோசமாய்த் தலையாட்டாதையுங்கோ, உங்களுக்கும் இருக்கிறது. பத்திரத்தைக் கந்தோரில் குந்தியிருந்து எழுதக்கூடாது. ஆற்றில் இறங்கி, மேடு எது, கரை எது என்று காலால் மிதித்துப் பார்த்த பிறகு எழுதவேண்டும்.

கோயில் வேலை பிந்தும். பிந்தட்டும்! செல் விழுந்த கூரைக்குக் கீழும் இருந்தவ எங்கள் அம்மன். கிடுகுக் கொட்டிலுக்குள்ளும் இருந்தவ. இன்னும் ஒரு மாரி இருப்பா. வடிவம்மாவின் கிணறு இன்னொரு மாரிக்கு நிற்காது.

ஆகவே அந்தக் கடிதத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். அனுமதி கேட்கும் முதல் லோட்டு எங்கள் கோயில் லோட்டாக இருக்கட்டும். உடன்பாடானவர்கள் கையை உயர்த்துங்கள்! தாய்மார் முதலில். வடிவம்மா, எழும்பவேண்டாம், இருந்தபடியே உயர்த்துங்கோ. கோயில் சபை? ஓம், கண்டேன். கிருசாந்தன், உம்மட கையுமோ? நல்லது, மோனை. தலைவி அம்மா, கடிதத்தை மடிச்சு வையுங்கோ.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வரும் மாரியில் எல்லோருடைய கரையும் நிற்கட்டும். வணக்கம்.