புது குடோனுக்கு வராத குரல்

ஹலோ... ஹலோ, அண்ணி? நான்தான்... இது தொழிலாளர் சங்கச் செயலாளரோட போன். என்னுதுல சார்ஜ் போயிடுச்சு... இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. பதறாதீங்க.

ஆமா, குடோன் வாசல்லதான் நிக்கறேன். உள்ள விட்டுட்டாங்க... ஆமா, ஆமா, விசாரணை அதிகாரி இருக்காரு, மேனேஜர் இருக்காரு, எல்லாரும் இருக்காங்க. இப்ப டீ குடிக்கப் போயிருக்காங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.

பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?... சரி. அம்மா?... தூங்கட்டும், எழுப்பாதீங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க... அண்ணி, நின்னுக்கிட்டு கேக்கற விஷயம் இல்ல இது. உக்காந்தீங்களா?... ம்.

அண்ணன் தூங்கல அண்ணி. பாட்டும் கேட்டுக்கிட்டு இருக்கல. வாயு கசிஞ்சு அவரு போன அன்னிக்கு புது குடோன்ல அறிவிப்பே வரல.

...

ஆமா. வரவே இல்ல... இல்ல அண்ணி, யாரோ சொல்லி இல்ல. நானே பாத்தேன். இப்பதான், ஒரு மணி நேரம் முன்னாடி... தெரியும், தெரியும். 'எல்லா இடத்துலயும் அறிவிப்பு கொடுத்தோம், எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, அவர் ஒருத்தர்தான் வரல'ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நாமளும் அதை நம்பித்தானே ஒரு மாசமா யார் முகத்தையும் பாக்காம இருந்தோம். அம்மாகூட சொன்னாங்களே, சின்ன வயசுலேர்ந்தே அவன் கூப்பிட்டா திரும்ப மாட்டான்னு... ஆமா. பெத்தவ வாயாலயே அப்படிச் சொல்ல வெச்சுட்டாங்க.

இல்ல, ஸ்பீக்கர் கெட்டுப் போகல. அங்கதான் விஷயமே. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, குடோன்ல அண்ணன் வேலை பாத்த ரூம்ல, தலைக்கு மேலயே இருக்கு... சொல்றேன், சொல்றேன். அவசரப்படாதீங்க. எனக்கு இதுதானே வேலை. ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஸ்பீக்கர், நெட்வொர்க்கைத்தானே தினம் பாத்துக்கறேன். சங்கத்துக்காரங்க என்னைக் கூட்டிட்டு வந்ததே இதுக்குத்தான்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சொந்தமா ஒரு முகவரி இருக்கு, நம்ம வீட்டு கதவு நம்பர் மாதிரி. அது தவிர எல்லா ஸ்பீக்கருக்கும் பொதுவா இன்னொரு முகவரி. குழுவுக்குன்னு. மல்ட்டிகாஸ்ட்னு சொல்லுவோம்... வாட்ஸப் குரூப்பா? ம், கிட்டத்தட்ட. கிட்டத்தட்டதான். வாட்ஸப்ல யார் யார் இருக்காங்கன்னு தெரியும் இல்ல? இதுல அனுப்பறவருக்கே தெரியாது. அவரு பாட்டுக்கு அந்தப் பொது முகவரிக்கு ஒரு தடவை அனுப்புவாரு. நாப்பது ஸ்பீக்கர் இருக்குன்னா நாப்பது தடவை அனுப்ப மாட்டாரு. ஒரே ஒரு தடவை.

அப்பறம் எப்படி எல்லாருக்கும் போகும்னா, வழியில கேபிள் சொருகற பெட்டி இருக்கும், சுவிட்ச்... ஆமா, அண்ணன்கூட ஒரு தடவை மிதிச்சுட்டு என்கிட்ட திட்டு வாங்கினாரே, அதே மாதிரி பெட்டிதான். அதுகிட்ட ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'அந்தக் குழுவுக்கு வர்றது எனக்கும் வேணும்'னு முன்னாடியே சொல்லி வெச்சிருக்கும். குரல் அங்க வந்ததும், பெட்டி நகல் எடுத்து, கேட்ட பக்கத்துக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு அனுப்பும். கேக்காத பக்கம் போகாது... பால்காரர் மாதிரியா? சரி, அப்படியே வெச்சுக்கோங்க. கேன் ஒண்ணுதான், கேட்ட வீட்டுக்கு மட்டும் ஊத்திட்டுப் போறாரு.

இல்ல இல்ல, புது குடோன் ஸ்பீக்கர் கேட்டு வெச்சிருந்துது. ஒழுங்கா கேட்டு வெச்சிருந்துது. 'எனக்கும் வேணும்'னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. அது மேல தப்பு இல்ல.

வரேன், அதுக்குத்தான் வரேன். அனுப்பற குரல் இருக்கில்ல, அது துண்டு துண்டாத்தான் போகும். ஒவ்வொரு துண்டு மேலயும் ஒரு எண் இருக்கும், எத்தனை வாசல் தாண்டலாம்னு. வாசல்னா ரூட்டர். ஒரு வாசல்ல ஒண்ணு குறையும். பூஜ்யம் ஆயிட்டா அந்தத் துண்டை அங்கயே கீழ போட்டுடும்... எதுக்கா? இல்லன்னா அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்குமே அண்ணி, அதுக்கு ஒரு கடிவாளம். நல்லதுக்குத்தான் வெச்சிருக்கு.

இங்க அந்த எண் ஒண்ணு.

ஒண்ணுதான். அறிவிப்பு அனுப்பற மெஷின் வரும்போதே ஒண்ணுன்னு வந்திருக்கு, யாரும் தொடல. பழைய கட்டடத்துல அது போதும். எல்லாம் ஒரே கூரைக்குள்ள, தாண்ட வேண்டிய வாசலே கிடையாது. போன வருஷம் புது குடோன் கட்டினாங்க இல்ல? அது ஒரு ரூட்டருக்கு அந்தப் பக்கம். அண்ணனுக்கு வர வேண்டிய குரல் அந்த வாசல் வரைக்கும் வந்திருக்கு. அங்கயே விழுந்துடுச்சு.

...

ஆமா. ஒண்ணை எட்டுன்னு மாத்தினா போதும்... அவ்ளோதானான்னு கேக்காதீங்க அண்ணி. நானும் அதைத்தான் கேட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டேன்.

டெஸ்டா? மாசா மாசம் பண்ணியிருக்காங்க! எப்படிப் பண்ணாங்கன்னா, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதோட சொந்த முகவரிக்குக் கூப்பிட்டுப் பாத்திருக்காங்க. அப்படிக் கூப்பிட்டா பேசும். வாசல் கணக்கெல்லாம் அதுக்கு வேற, தாராளமா இருக்கு. காலையில மேனேஜர் அதைத்தான் செஞ்சு காட்டினாரு, 'பாத்தீங்களா, பேசுதே'ன்னு. எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுது. அப்பறம் சொன்னேன், சார், அன்னிக்கு எப்படி அனுப்பினீங்களோ அப்படியே அனுப்புங்க, எல்லாருக்கும் சேர்த்துன்னு.

அனுப்பினாங்க. பழைய கட்டடம் பூரா அலறுது. கேன்டீன்ல, கேட்டுல, லாரி நிக்கற இடத்துல. நான் அண்ணன் ரூம்ல, ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு நிக்கறேன். ஒரு சத்தம் இல்ல அண்ணி. ஃபேன் ஓடுது, அவ்ளோதான்.

...

கண்ட்ரோல் ரூம்காரரா? அவரைத் திட்டாதீங்க. வேணாம். கசிவுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்ச உடனே மைக்கைப் பிடிச்சிருக்காரு மனுஷன். திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காரு. பழம் கெடாம இருக்க விடற வாயுதானே, மூச்சை அடைச்சிடும், வாசனையும் கிடையாது, அந்தக் குரலை விட்டா வேற எச்சரிக்கையே இல்லன்னு அவருக்குத் தெரியும். ஆனா இந்த முறையில 'வந்து சேந்துது'ன்னு யாரும் பதில் அனுப்ப மாட்டாங்க. அனுப்பினதோட சரி. எல்லாருக்கும் போயிடுச்சுன்னு நெனச்சுட்டுதான் அவரும் வெளிய ஓடியிருக்காரு. இன்னிக்குத்தான் அவருக்கே தெரிஞ்சுது. என்கிட்ட வந்து, 'நான் கூப்பிட்டேம்மா, நான் கூப்பிட்டேன்'னு... ம். ஆமாங்கன்னேன்.

அண்ணி?

அண்ணி, லைன்ல இருக்கீங்களா?... ஏன் பேசாம இருக்கீங்க?... என்ன?... மெதுவா சொல்லுங்க, புரியல... யாரு, நீங்களா?... எப்ப?

அன்னிக்கா?

...

சாப்பாட்டு நேரத்துல... ம்... ம், மத்தவங்க கேன்டீனுக்குப் போயிட்டாங்க, அவரு உங்ககூட பேசறதுக்காக ரூம்லயே... ம். அப்போ அவரு காதுல இருந்த அந்த இயர்போன்... ஐயோ. பாட்டு கேட்டாரு, பாட்டு கேட்டாருன்னு ஊரே பேசிச்சே. அது உங்க போனுக்கா?

அழாதீங்க. சொல்லுங்க, நான் கேக்கறேன்... பாப்பா ஸ்கூல் விழாவுக்கு... வர முடியாதுன்னுட்டாரா. ம். டபுள் ஷிப்ட் ஒத்துக்கிட்டாரு... ஆமா, அது அவரு வழக்கம்தான், யாரு கேட்டாலும் தலையாட்டிடுவாரு... ம்... நீங்க என்ன சொன்னீங்க?

...

'அங்கயே கெடங்க'ன்னா.

சொல்லிட்டு வெச்சுட்டீங்க.

...

அண்ணி... இதை மனசுல வெச்சுக்கிட்டா இத்தனை நாளும்... என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?... நான் என்ன நெனப்பேன்! நான் யாரு, மூணாம் மனுஷியா?... அண்ணி, இங்க பாருங்க. அதெல்லாம் ஒரு சாபமா? எல்லா வீட்லயும் சொல்றதுதான். சாயங்காலம் வந்திருந்தா அவரே செருப்பைக் கழட்டிக்கிட்டே கேட்டிருப்பாரு, 'அங்கயே கெடக்கச் சொன்னியே, சாப்பாடு மட்டும் இங்க போடுவியா'ன்னு. கேட்டிருப்பாரா இல்லையா?... ம். கேட்டிருப்பாரு. உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

இருங்க. இருங்க, ஒரு நிமிஷம். நீங்க போனை வெச்சது எப்ப? உங்க போன்லயே இருக்கும் பாருங்க... அழிக்கலையே?... பாருங்க, நான் இருக்கேன்.

ஒண்ணு பதினஞ்சு. நல்லாப் பாத்தீங்களா?

அண்ணி, அறிவிப்பு ஆரம்பிச்சது ஒண்ணு பத்துக்கு. அவங்க மெஷின்லயே பதிவாகியிருக்கு, நான் பாத்தேன். அப்போ அது ஓடிக்கிட்டு இருக்கும்போது நீங்க அவரோட பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது கேட்டுதா? பின்னாடி ஒரு சைரன், ஒரு குரல், ஏதாவது?

கேக்கல... ம்... சண்டையில காதுல விழாம போயிருக்கலாம்னா? அவருக்குக் கேட்டும் உங்களால எந்திரிக்காம... இல்ல. இல்ல அண்ணி, அப்படி யோசிக்காதீங்க... தெரியும், நான் சொன்னா உங்க மனசு ஒத்துக்காது.

இருங்க, வராங்க. வெச்சுடாதீங்க.

சார்... ஆமா சார், அவங்கதான், என் அண்ணி. சார், ஒரு நிமிஷம்.

அண்ணி, அதிகாரி பக்கத்துல இருக்காரு. உங்க போன் விஷயத்தை இவர்கிட்ட சொல்லவா?... நேரத்தை மட்டும் சொல்றேன். நீங்க பேசினது உங்களுக்கும் அண்ணனுக்கும். அது யாருக்கும் தேவையில்ல... சரியா?... சரி.

சார், சம்பவம் நடந்தப்ப இவங்க என் அண்ணனோட போன்ல இருந்திருக்காங்க... ஆமா சார், ஒண்ணு பதினஞ்சு வரைக்கும். பின்னாடி எந்தச் சத்தமும் கேக்கலங்கறாங்க... காட்டுவாங்க சார், போன்லயே இருக்கு... இப்பவா?... ம்... கேட்டுப் பாக்கறேன் சார்.

அண்ணி, அந்த எண்ணை மாத்திட்டு, திரும்ப எல்லாருக்கும் அனுப்பப் போறாங்க. பழசு எப்படி இருந்துதுன்னு அதிகாரி படம் எடுத்து, மேனேஜர்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டாரு, அது பத்திரம். இப்ப நான் அண்ணன் உக்காந்த இடத்துல உக்காந்து, இயர்போன் மாட்டிக்கிட்டு உங்ககூட பேசறேன். அது பேசும்போது உங்க பக்கம் கேக்குதான்னு சொல்லணும். கேட்டுதுன்னா, அன்னிக்கும் கேட்டிருக்கணும்னு அர்த்தம். உங்களால முடியுமா? வேணாம்னா விட்டுடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க... நெஜமாவா?... சரி.

நடந்து போய்க்கிட்டு இருக்கேன். பெட்டி பெட்டியா பழம் அடுக்கியிருக்கு, அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்... இதுதான் அவரு ரூம். சின்னதுதான். மேஜை, ஒரு நாற்காலி, ஜன்னல்... இல்ல, டிபன் பாக்ஸ் இல்ல, எடுத்துட்டாங்க போல. கேக்கறேன், வாங்கிட்டு வரேன்.

உக்காந்துட்டேன். இயர்போன் போட்டுட்டேன். கேக்குதா நான் பேசறது?... எனக்கும் கேக்குது. ஏதாவது பேசுங்க, சும்மா... பாப்பா என்ன சாப்பிட்டா?... ஒரு தோசையா? ரெண்டாவது வெக்க வேண்டியதுதானே... அவ அப்படித்தான், யார் மாதிரி...

அண்ணி!

கேக்குதா?... அண்ணி, கேக்குதா?... எனக்கு உங்க குரலே கேக்கல, கத்துங்க!... கேக்குதா!... என்ன சொல்றாங்கன்னு?... ஆமா! ஆமா, அதேதான், 'எல்லாரும் வேலையை விட்டுட்டு வெளிய வாங்க'!... காது அடைக்குது அண்ணி, மேஜையெல்லாம் அதிருது... அன்னிக்கு இது இல்லையே?... சத்தியமா இல்லையே?... இல்ல! எவ்ளோ கத்தியிருந்தாலும் இது உங்களுக்குக் கேட்டிருக்கும்! அவருக்கும் கேட்டிருக்கும்!... அழுங்க, பரவாயில்ல, அழுங்க...

என்ன?... கேட்டிருந்தா வந்திருப்பாராவா?

இருங்க. இதோ, நான் எந்திரிக்கறேன்... கதவு... சாத்திதான் இருக்கு, தள்ளினா திறக்குது... இப்ப குடோன், ஓரமா வழி விட்டிருக்காங்க... பெரிய கதவு, பாதி திறந்துதான் இருக்கு, எப்பவும் அப்படித்தானாம்...

வெளிய வந்துட்டேன்.

வெயில்ல நிக்கறேன் அண்ணி... இவ்ளோதான். இவ்ளோதான் தூரம்.

...

அண்ணி?

...

வெச்சுட்டாங்க, சார்.