மூன்றாவது ஆள்

— நிப்பாட்டுங்கோ அண்ணை. ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு ஆத்துக்குள்ள இறங்குற இடம், உதுதான்.

— நிப்பாட்டியாச்சு, றெஜினா. ஆறுதலாப் பார்.

— முதலாவது ஆள், ரெண்டாவது, மூண்டாவது அப்பா. எவ்வளவு தெளிவு. எங்கட பழைய வீடியோக் கசெற்றில வெறும் புகைதானே.

— கண்டிப் பக்கம் வந்து எடுக்கேக்க அப்பா கூட்டத்தில நிண்டு நடிச்ச இங்கிலீசுச் சண்டைப் படமெல்லோ. இப்பதான் பழைய பிலிமைத் துப்புரவாக்கி டிஸ்க்காய் விட்டிருக்கினம். சேட்டுத் தையலும் தெரியுது.

— அப்ப முகத்தைப் பெருப்பியுங்கோ. றொமேஷ் ஆறு மணிக்கு அச்சுக் கடையைப் பூட்டிப்போடுவான். ஞாயிறு பூசைக்கு நினைவுக் காட் அடிக்கவேணும். நாப்பதாம் வருசத்துக்காவது அப்பா முகத்தோட இருக்கட்டும்.

— பெருப்பிக்கிறன். கண்ணைப் பார்.

— வெளிச்சம் பட்டிருக்கு.

— வெளிச்சமில்லை, நீலக் கண். இப்ப கொலருக்குக் கீழ பார்.

— வெள்ளையாய் இருக்கு.

— மண்ணிறம் பூசின வெள்ளைக்காரன், தங்கச்சி.

— விசர்க்கதை கதையாதேங்கோ. கசெற்றில இருந்து எடுத்த உந்த முகத்துக்குத்தானே அம்மா வீட்டுப் பீடத்தில மெழுகுதிரி கொளுத்துறா. கலியாணத்தண்டு நான் உதுக்கு முத்தம் குடுத்துப்போட்டெல்லோ கோயிலுக்குப் போனனான்.

— நானும்தான்.

— அப்ப நாலாவது ஆள். அம்மா எண்ணிப் பிழைச்சிருப்பா.

— முழுப் படமும் மூண்டு தரம் பாத்திட்டன். எங்கட நாட்டு ஆக்கள் முப்பத்தேழு பேர் வருகினம். ஆரெண்டு சொல்ல? ஆமி அவரைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க எனக்கு அஞ்சு வயசு. நீ கைக்குழந்தை. வீட்டோட படமெல்லாம் எரிஞ்சுபோச்சு.

— உங்களுக்கு ஒண்டுமே ஞாபகமில்லையா?

— சைக்கிள் பாரில என்னை முன்னுக்கு வைச்சுத்தான் கொண்டுபோவார். கை ரெண்டும் ஞாபகமிருக்கு. முகம் எனக்குப் பின்னால எல்லோ.

— அம்மாட்டை உதைக் காட்டிப்போடாதேங்கோ. தாங்கமாட்டா.

— காலமை காட்டிப்போட்டன்.

— ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?

— அவ அழேல்லை. முந்தியே தெரியுமாம். மன்னாரில கசெற் பாத்த அண்டைக்கு, அப்பா எங்கை, அப்பா எங்கை எண்டு நாங்கள் ரெண்டு பேரும் அரிச்சனாங்களாம். அந்தப் புகைக்குள்ள அவவுக்கும் ஒண்டும் பிடிபடேல்லை. வாய்க்கு வந்தபடி மூண்டாவது ஆளெண்டு காட்டினவவாம்.

— சரி. இப்பதான் தெளிவாத் தெரியுதே. முப்பத்தேழு பேரையும் ஒவ்வொண்டாய்க் காட்டிக் கேளுங்கோ. புருசன்ர முகம் அவவுக்கு மறக்குமே?

— கேட்டனான், றெஜினா. கண்ணை மூடினால் அவவுக்கும் இப்ப உந்த முகம்தான் வருகுதாம்.