செட்டில்புள்ளி

– பேரை எடுத்துருங்கன்னு சொல்லுதேன். காதுல விழுதா இல்லையா?

– விழுது ருக்கு. மொதல்ல பஸ்ஸுல ஏறு. எக்ஸாம் சென்டர் வாசல்லயே புருஷனைத் திட்டுனா வாட்ச்மேன் என்ன நெனப்பான்?

– ஏறிட்டேன். கதவைச் சாத்துங்க. என் போன்ல சார்ஜ் இல்ல. உங்க போன்ல அந்தப் பரீட்சைப் பக்கத்தைத் திறந்து என் பேரை எடுங்க. அஞ்சு மணிக்கு மேல எடுக்க முடியாதுன்னு போட்டிருக்கு.

– இப்ப நாலேகால்தான். கம்பெனி ஆளுங்க அஞ்சரைக்குத்தான் ஏறுவாங்க. அதுவரைக்கும் முப்பத்திரண்டு சீட்டும் உன்னோடதுதான், எதுல வேணும்னாலும் உக்காரு. ஏசி போடவா?

– ஏசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

– எவ்ளோ வந்துச்சு?

– கேக்காதிய.

– அரே, மாக் டெஸ்ட்தானே. நெஜப் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. லைட் லோ, பெரிசா எடுத்துக்காதே.

– என்னத்த லைட்டு? நாப்பதுக்கு ஒம்பது. பாஸாகவே பதினாறு வேணும். முடிச்ச ஒடனே ஸ்க்ரீன்ல இம்மாம் பெரிசா காட்டுது. பக்கத்துல ஒரு பிள்ளை, நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும், எட்டிப் பாத்துட்டு, 'ஆன்ட்டி, தண்ணி வேணுமா'ன்னு கேட்டா.

– குடிச்சியா?

– குடிச்சேன்.

– அது போதும்.

– சிரிக்காதிய. அஞ்சு மாசங்க. காலையில நாலரைக்கு எந்திரிச்சு, ஒரு பக்கம் குக்கரு, ஒரு பக்கம் வீடியோல அந்த வெள்ளைக்கார வாத்தியாரு. அவரு ஒரு நிமிசம் பேசுததை நான் ஆறு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தமிழ்ல எழுதி, பொறவு அதை இங்கிலீஷ்ல மாத்தி. மூணு நோட்டு முடிஞ்சிருக்கு. எல்லாம் இந்த ஒம்பது மார்க்குக்கு.

– நோட்டுக்கு மூணு மார்க்.

– நான் அழுதுருவேன்.

– நக்கோ, நக்கோ! அழாதே. சும்மா சொன்னேன்.

– மல்ட்டிவேரியபிள் கால்குலஸாம். நாப்பத்து மூணு வயசுல, சங்கரன்கோவில்ல தமிழ் மீடியத்துல படிச்சவளுக்கு என்னத்துக்கு இது? பி.எஸ்சி. ரெண்டாம் வருசத்தோட நின்னது, நின்னதாவே இருந்திருக்கலாம். அதையாவது கல்யாணத்தால நின்னுச்சுன்னு சொல்லிக்கலாம். இது என் மண்டையாலல்லா நிக்கு.

– அந்த மூணாம் வருசப் புத்தகம் இன்னும் நம்ம பீரோல இருக்கு. சீர்ப் பாத்திரத்துக்கு நடுவுல வந்துச்சு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, உன் பேரு எழுதி. எங்கம்மா அதைத் தூக்கிப் பாத்துட்டு, 'இது கைக்கு, எதுக்கு இது? செகந்திராபாத்ல புக்கு கெடைக்காதா'ன்னு கேட்டாங்க.

– பேச்சை மாத்தாதிய. பரீட்சை எழுதி நான் ஃபெயிலானா என் பேருக்கு நேரா ஃபெயில்னு நிக்கும். அதுக்கு முந்தி நானே எடுத்துட்டா ஒண்ணும் நிக்காது. இத்தோட கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. எடுங்க.

– எடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. முப்பத்தொரு மார்க் எப்படிப் போச்சு?

– அதைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறிய?

– பஸ்ஸு நின்னுபோனா எங்க நின்னுச்சுன்னு பாக்கறதில்லையா? அந்த மாதிரி.

– ஒரே ஒரு வார்த்தைல ஆறு கேள்வி போச்சு.

– என்ன வார்த்தை?

– செட்டில்புள்ளி.

– அதா? அது உனக்கு நல்லாத் தெரியுமே! எந்தப் பக்கமும் சரிவு இல்லாம ஜீரோ ஆயிட்டா, அந்தப் புள்ளி செட்டில் ஆயிடுச்சு. தோசை ஊத்திக்கிட்டே எத்தனை தடவை சொல்லியிருக்கே.

– அதான் தப்பு. அது செட்டில் இல்லங்க. சாடில். குதிரை முதுகுல போடுவாங்கல்லா, சேணம், அது. அந்த மனுசன் வாயில சாடில்னு வந்தது என் காதுல செட்டில்னு விழுந்திருக்கு. வீடியோவுக்குக் கீழ ஓடுத எழுத்தும் செட்டில்னுதான் ஓடுச்சு. சரி, நம்ம காது நல்ல காதுதான்னு இருந்துட்டேன். இன்னிக்குக் கேள்வியில 'இதுல சாடில் எது எது'ன்னு எழுத்துல பாத்தப்பதான் என் காது ஏமாத்துனது தெரிஞ்சுது.

– அதுல ஆறுதானே போச்சு?

– அதுக்குப் பொறவு எதையுமே நம்ப முடியல. இதையே தப்பாப் படிச்சிருக்கோம், வேற எதையெல்லாம் தப்பாப் படிச்சோமோன்னு, சரியாப் போட்டிருந்த விடையையெல்லாம் போய்ப் போய் மாத்திட்டேன்.

– அரே ருக்கு…

– விடுங்க.

– அப்ப சாடில்னா என்ன? சரிவு ஜீரோ இல்லையா?

– ஜீரோதான். ஆனா செட்டில் ஆகல. குதிரை மேல இருக்குத ஆளை நெனச்சுக்கோங்க. தலையிலேருந்து வால் பக்கமாப் பாத்தா, அவன் உக்காந்திருக்க எடந்தான் பள்ளம். ரெண்டு காலும் தொங்குதுல்லா, அந்தப் பக்கமாப் பாத்தா அதே எடந்தான் உச்சி. புள்ளி ஒண்ணுதான். ஒரு வழியாப் போனா மேடு, இன்னொரு வழியாப் போனா பள்ளம்.

– ஹவ், ஆமா! காஜாகூடா ரோடு!

– எது?

– பாறைய வெட்டி நடுவுல ரோடு போட்டிருக்காங்கல்ல. நான் செகண்ட் கியர்ல இழுத்துக்கிட்டு ஏறறேன், நடுவுல உச்சி வருது, அப்புறம் எறக்கம். எனக்கு அது மேடு. ஆனா இந்தப் பக்கத்துப் பாறைலேருந்து எறங்கி அந்தப் பக்கத்துப் பாறைல ஏறுது பாரு ஒரு ஆடு, அதுக்கு என் ரோடுதான் பள்ளம். ரெண்டு பேருக்கும் அதே எடம்!

– ஆமா… ஆமாங்க, அதேதான். எப்படிப் பிடிச்சிய? அந்த வாத்தியாரு அம்பது நிமிசம் சொன்னாரு. ஆடு வரவே இல்ல.

– சிரிச்சிட்டே.

– சிரிக்கல. ஐயையோ!

– என்ன?

– அந்தத் தம்பி! அவருக்கும் தப்பால்லா சொல்லிக்குடுத்துட்டேன். கேள்வி கேக்குத பக்கத்துல, 'நியூ லேர்னர்'னு பேரு வச்சுக்கிட்டு ஒருத்தர் வருவாருன்னு சொல்லலை? 'தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டு வந்தாரே. அவருக்கு ஒருத்தருக்குத்தான் நான் பதில் எழுதுவேன், மத்தவங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதக் கூச்சம். பாவம், அவரும் செட்டில்னு போட்டு ஃபெயிலாகப் போறாரு.

– அதெல்லாம் ஆக மாட்டான். விடு.

– பேரை எடுக்கதுக்கு முந்தி அவருக்கு ஒரு வரி எழுதிப் போடணும். 'நான் சொன்னது தப்பு, மன்னிக்கணும்'னு. …இருங்க.

– என்ன?

– நான் அவருக்கு அதைச் சொல்லிக்குடுக்கவே இல்ல. அவருதான் மொதல்ல கேட்டாரு. 'அக்கா, செட்டில்புள்ளின்னா என்ன'ன்னு கேட்டாரு.

– அவனும் அதே மாதிரி காதுல வாங்கியிருப்பான். வெள்ளைக்காரன் பேச்சு யாருக்குப் புரியுது?

– செட்டில்னு காதுல விழலாம். புள்ளின்னு எப்படி விழும்? வாத்தியாரு பாயிண்ட்னுல்லா சொல்லுதாரு. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இந்த வார்த்தை என் நோட்டுல இருக்கு. என் அடுப்படியில இருக்கு. வேற எங்கயும் கெடையாது.

– இந்தக் கண்ணாடியில எவ்ளோ தூசி பாரு.

– என் மூஞ்சியப் பாருங்க.

– கண்ணாடியைத் தொடச்சிட்டிருக்கேன்.

– ஓடாத பஸ்ஸுக்கு என்னத்துக்குக் கண்ணாடி? இங்க பாருங்க. அது நீங்களா?

– …ஹவ்.

– நியூ லேர்னரா?

– ஹவ், ருக்கு.

– அட என் சாமி! அது சேலத்துலயோ ஓசூர்லயோ ரூமெடுத்துத் தங்கியிருக்க பையன்னு நெனச்சு, 'நல்லா சாப்பிடுங்க தம்பி, ஒடம்பைப் பாத்துக்கோங்க'ன்னுலாம் எழுதியிருக்கேனே!

– படிச்சேன். அன்னைக்கு எனக்கு நீ ஆறிப்போன உப்புமா வச்சே.

– வெளையாடாதிய. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. உலகத்துல ஒருத்தனாவது என்னால படிச்சான்னு ஒரு சின்னச் சந்தோசம் இருந்துச்சு. 'இப்ப புரிஞ்சுது அக்கா'ன்னு வரும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? காஸை அணைச்சிட்டு ரெண்டாந்தரம் படிப்பேன். அதுவும் பொய். பொண்டாட்டி பாவம்னு நீங்க போட்ட வேசம்.

– மொதக் கேள்வி வேஷம்தான். ஒத்துக்கறேன். ரெண்டாவது மாசம் நோட்டையெல்லாம் கட்டி லாஃப்ட்ல போட்டுட்டே. மூணு நாள் சரியாப் பேசல. நான் சொன்னா எறக்க மாட்டே. யாராவது கேட்டா எறக்குவேன்னு தோணுச்சு. மைண்ட்ஸ்பேஸ் சிக்னல்ல நிக்கும்போது அந்தப் பேரை வச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறிட்டே.

– மொதக் கேள்வி வேசம். மத்த நாப்பது கேள்வி?

– அது எனக்கு.

– உங்களுக்கு என்னத்துக்கு?

– இன்டர்ல, அதாவது உங்க ஊரு பிளஸ் டூல, மேத்ஸ்ல மூணு தடவை ஃபெயிலானவன் நான். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா, 'பையன் படிப்பைப் பாதியில நிறுத்திட்டான்'னு உங்க வீட்டுல சொன்னாங்களே. நான் நிறுத்தல ருக்கு. அது என்னை நிறுத்திடுச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொண்டுவந்த பொண்ணு.

– இருபத்து மூணு வருசமாச் சொல்லல.

– எங்க சொல்ல விட்டே? லேபிளைப் பாத்ததுமே பயந்துட்டேன்.

– போங்க.

– இன்னொண்ணு கேக்கவா? கோவப்படாம சொல்லு. அந்த D-ன்னு ஒண்ணு கண்டுபிடிப்போமே. அது மைனஸ்ல வந்தா அதான் இந்த ஆடு போற எடமா?

– ஆமா. மைனஸ்னா சாடில். பிளஸ்னா நெசமாவே உச்சியோ பள்ளமோ ஏதோ ஒண்ணு. நீங்க இதையெல்லாமா ஞாபகம் வச்சிருக்கிய?

– பின்ன? ஏழு வரி எழுதியிருந்தியே.

– சரி, போதும். மணி என்னாச்சு?

– அஞ்சுக்குப் பத்து நிமிஷம்.

– போனைக் குடுங்க. நீங்க எடுக்க மாட்டிய. நானே எடுத்துக்கிடுதேன்.

– நக்கோ ருக்கு.

– குடுங்கங்க.

– …இந்தா. பாத்துட்டுத் திட்டாதே.

– இதென்ன, உங்க பேரு வருது? சீதாராமன். 'தேர்வுக்குப் பதிவு செய்யப்பட்டது.' நீங்களும் எழுதுதியளா?

– ஹவ்.

– மாக் டெஸ்ட், போன சனிக்கிழமை. இதே சென்டரு. பட்டான்செருவுக்கு எக்ஸ்ட்ரா டிரிப்னு சொல்லிட்டுல்லா போனிய!

– ஹவ்.

– நாப்பதுக்கு… பதினேழு.

– சாடில்னு போட்டிருந்ததைப் பாத்துட்டு, கேள்வியில எழுத்துப் பிழைன்னு நெனச்சு, செட்டில்னே வச்சுப் போட்டுட்டேன். எனக்கும் அந்த ஆறு போச்சு. ஆனா நான் எதையும் மாத்தல.

– பாஸாயிட்டிய.

– ஒரு மார்க்ல.

– சந்தோசங்க. நெசமாவே சந்தோசம். ஆனா நீங்களே பாருங்க. அதே வாத்தியாரு, அதே வீடியோ. இன்டர் ஃபெயிலானவருக்குப் பதினேழு, பி.எஸ்சி. ரெண்டு வருசம் படிச்சவளுக்கு ஒம்பது. அப்ப கோளாறு அவருகிட்ட இல்ல, என் மண்டையிலதான். இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? உங்க பேரு இருக்கட்டும். இதோ, என் பேருல நுழைஞ்சுட்டேன், எடுத்துருதேன். எங்க அமுக்கணும், இந்தச் செவப்பா இருக்குததா?

– அதான். அமுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ.

– சொல்லுங்க.

– அந்த வீடியோல ஒண்ணுகூட நான் பாத்ததில்ல, ருக்கு.