கரடி தூக்கிய விரல்

கல்லல் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், மடியில் தவிலை வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

"கரடி விரலைத் தூக்குனா நான் என்னண்ணே செய்யிறது?"

பக்கத்தில் இருந்த நாயனக்காரர் முறைத்தார். "கல்யாண மேடையில ஒனக்குக் கார்ட்டூன் கேக்குதாடா?"

"நானா போட்டேன்? பொண்ணு வீட்டுப் பாப்பா எம் பக்கத்துல ஒக்காந்து செல்லுல பார்த்துச்சு. பேச்சே இல்லாத படம்ணே. வெள்ளைக்காரவுக கச்சேரி மட்டும் ஓடுது. கரடி முன்னாடி நின்னு கையைக் காட்டக் காட்ட, மத்த மிருகமெல்லாம் வாசிக்குது. அது நம்ம ஐயரு மாதிரியே விரலைத் தூக்கி ஆட்டுச்சு. என் கை தன்னால கெட்டிமேளம் கொட்டிருச்சு."

"மந்திரமே முடியலை. சனம் பூராவும் அட்சதையப் போட்டுருச்சு!"

"மாப்பிள்ளையும் தாலியக் கட்டிட்டாருல்ல?"

"பதறிப்போயிக் கட்டுனாருடா! இன்ன வரைக்கும் ஐயரு என்கிட்டப் பேசலை. நாளைக்கு வலையபட்டியிலயும் அவருதான். அங்குட்டும் இதே கூத்துன்னா நான் வேற தவிலு பார்த்துக்கிருவேன்."

"இனிமே ஐயரு விரலைத் தவிர எந்த விரலையும் பார்க்க மாட்டேண்ணே, சத்தியமா!"

அந்நேரம் நடத்துநர் முன்னாலிருந்து ஒற்றை விரலை உயர்த்தி ஆட்டினார். "யாரோ ஒரு ஆளு டிக்கெட் எடுக்கலை!"

நாயனக்காரர் பாய்ந்து, இரண்டு கைகளாலும் தவிலைப் பொத்திக்கொண்டார்.