தெரியுறேனா அண்ணே

பின்பக்கக் கேமரா நல்ல பொருள்தான். அதன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதை மாட்டியவன் மேலும் இல்லை. இதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

உங்கள் வயதுக்கு உங்களைத் தம்பி என்றுதான் நான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல் இப்போது வாயில் வர மறுக்கிறது. ஐயா என்றே சொல்கிறேன். நாற்காலியை ஏன் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று கேட்டீர்கள். முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

எங்களுக்கு எடைமேடை சரிபார்க்கும் தொழில். லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பார்களே, அந்த மேடைகள். கிடங்குக்குக் கிடங்கு போவோம். போன இடத்தில் வாரக்கணக்கில் தங்க நேரும். அதனால் எங்கள் லாரிக்குப் பின்னால் ஒரு வண்டிவீட்டைக் கோத்து இழுத்துக்கொண்டு போவோம். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. கதவில் எங்கள் அப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தப் பெயருக்குக் கீழே தலைகுனிந்து நுழையும்படி நாங்கள் எதுவும் செய்ததில்லை.

வண்டிவீட்டைப் பின்னால் எடுப்பது எல்லோருக்கும் கைவராது. அதன் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். லாரிக் கண்ணாடியில் அதன் முதுகுப்பக்கம் தெரியாது. அங்கே எனக்குக் கண் என் தம்பிதான். பின்னால் ஓரமாக நின்றுகொண்டு, "வரட்டும்ணே, வரட்டும், வரட்டும்" என்பான். முடிந்ததும் "போதும்ணே" என்பான். நில் என்றோ நிறுத்து என்றோ சொன்னதே இல்லை. மூத்தவனை ஏவக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தேன். அப்பா போனபின் அவனை வளர்த்தது நான்தான். அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் நான் தட்டில் கை வைத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேமரா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன். லாரியின் பின்னால் ஒன்று, வண்டிவீட்டின் பின்னால் ஒன்று. வயரிங் வேலை செய்பவனை அவனே அழைத்து வந்தான். அந்தப் பையன் சுத்தமான வேலைக்காரன். பின்சுவரில் கூரைக்குக் கீழே துளை போட்டு, மழைநீர் இறங்காதபடி ரப்பர் வளையம் வைத்து, பசை பூசினான். வயரை அடிப்பக்கமாகவே கொண்டுவந்து கிளிப் போட்டுக் கட்டினான். லாரியும் வீடும் சேரும் இடத்தில், திரும்பும்போது இழுபடாமல் இருக்க வயரைக் கொஞ்சம் தளர விட்டு, கழற்றி மாட்டும்படி ஒரு பிளக் வைத்தான். ரிவர்ஸ் கியர் போட்டால் என் முன்னால் திரை தானாக எரியும். பின்னால் பேசுவதும் அதிலேயே கேட்கும்.

"பெரியவரே, படம் கண்ணாடியில பாக்குற மாதிரி வரணுமா, நேரா வரணுமா?" என்று கேட்டான்.

"கண்ணாடி மாதிரியே வை. எனக்குப் பழக்கம் அதுதான்" என்றேன்.

ஆகவே, எனக்கு இடம் வலம் குழம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது அந்தத் தையல்காரி தேநீர் கொண்டுவந்தாள். நாங்கள் அப்போது தங்கியிருந்த கிடங்கின் வாசலில் கடை வைத்திருப்பவள். புருஷன் விட்டுப் போனவள். என் தம்பியின் சட்டைகளில் திடீரென்று ஒரு பொத்தான்கூட விழாமல் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

"என்ன பெரியவரே, உங்க சட்டைக் காலரை யாரு இவ்வளவு இறுக்கித் தைச்சது?" என்றாள். "கழுத்து திரும்பவே மாட்டேங்குது. அதான் பாவம், உங்க தம்பி பின்னாடி கேமரா வைக்கிறாரு."

வயரிங் பையன் சிரித்தான். என் தம்பியும் சிரித்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் போனபின் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "நான் இங்கேயே இருந்துடலாம்னு இருக்கேண்ணே. நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். நீங்க தனியா வண்டி எடுக்கணுமேன்னுதான் இதை மாட்டச் சொன்னேன்."

"ஐம்பத்திரண்டு வயசுல உனக்குக் கல்யாணமா? ஊர் என்னடா சொல்லும்?"

"நாம ஊர் ஊரா சுத்துறோம். எந்த ஊருண்ணே சொல்லும்?"

அவனுக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டவன் நான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன். எல்லாம் குடும்பத்துக்காகத்தான். விட்டுப்போன ஒருவனின் மனைவி, அப்பாவின் பெயருக்குக் கீழே நுழைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேலை முடிந்தது. வயரிங் பையன் கைகழுவக் குழாயடிக்குப் போனான். "ஒரு தடவ எடுத்துப் பாத்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு என் தம்பி பின்னால் போனான். ஆள் நேர் பின்னால் நிற்கக் கூடாது என்பது நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அன்று கேமராவைச் சோதிப்பதற்காக நடுவில் நின்றான். அவனுக்குப் பின்னால் கிடங்கின் மதில்.

ரிவர்ஸ் போட்டேன். திரை எரிந்தது. அதில் தூரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள். பச்சைக் கோட்டுக்கு அப்பால் நின்று கையாட்டினான்.

"தெரியுறேனா அண்ணே?"

"தெரியுற" என்றேன்.

படம் தெளிவாக இருந்தது. காதோரம் நரைத்திருந்ததுகூடத் தெரிந்தது. அவ்வளவு காலம் கூடவே இருந்தும் அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"வரட்டும்ணே, வரட்டும்" என்றான். வந்தேன். நான் வேகமாக எடுக்கவில்லை. ஒருநாளும் வேகமாக எடுத்ததில்லை. மஞ்சளில் "போதும்ணே" என்றான். சிவப்பில் மறுபடி "போதும்ணே" என்று சொல்லிச் சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். முதுகு மதிலில் பட்டதும் சிரிப்பு நின்றது. இரண்டு கைகளையும் தூக்கினான். அதன்பின் ஒரு வார்த்தை கத்தினான். அப்போதும் ஒரு கை அகலம் இடம் இருந்தது. என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வண்டியை முன்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கினேன். முதலில் போனது அவனிடம் அல்ல. லாரியும் வீடும் சேரும் இடத்துக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். லேசில் வரவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பிறகுதான் மதிலுக்குப் போனேன். அவன் கண் திறந்தே இருந்தது. நான் பிளக்கிடம் போன அந்த நேரத்தில் அவன் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தானா என்று தெரியவில்லை. தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

திரை அணைந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அந்தப் பையனைக் கொண்டுவந்து உள்ளே வைத்தீர்கள். பிளக் கழன்றது அவன் தவறு என்கிறீர்கள். வெளியே, கிழவனுக்கு வண்டி எடுக்கத் தெரியவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் பொய். அவன் மாட்டியது தானாகக் கழலாது. என் கையும் தவறாது. பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தையல்காரி நேற்று வந்தாள். என் தம்பியின் சட்டை ஒன்றை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கைகூப்பவேண்டும் என்று தோன்றியது. செய்யவில்லை.

அவன் கடைசியாகக் கத்தியது என்ன என்று கேட்கிறீர்கள். ஒலிபெருக்கி என் காதருகில் இருந்தது, அதனால் சந்தேகமில்லாமல் கேட்டது. "நிறுத்துடா" என்றான். என்னை ஏவியதும், டா போட்டதும் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அதை அவன்மேல் ஒரு குறையாக எழுத வேண்டாம், ஐயா. நான் அவனை மன்னித்துவிட்டேன்.